கேள்வி மூலை: கட்டைவிரலுக்கென்று ஒரு தந்தி

கே: அமெரிக்க பாஞ்சோ கலைஞர் பேலா ஃப்ளெக்கின் 'டேல்ஸ் ஃப்ரம் தி அக்கூஸ்டிக் பிளானட்' ஆல்பத்தைக் கேட்கச் சொல்லி மகன் கொடுத்தான். புளூகிராஸ் என்னும் அமெரிக்கத் தந்திவாத்திய இசை, ஜாஸ், நாட்டுப்புற இசை மூன்றும் கலந்ததாம். வீணை பழகிய என் காதுக்கு ஒரே சரவெடியாக இருக்கிறது. எதைப் பிடித்துக்கொண்டு கேட்பது?
– சோழவந்தான் வாசகி

ப: வீணைக்காரருக்கு இந்தச் சந்தேகமே வரக்கூடாது, அம்மா! வீணையின் பக்கத் தந்திகளைச் சுண்டுவிரல் மீட்டுமல்லவா? பாஞ்சோவிலும் அப்படி ஒன்று உண்டு. ஐந்தாவது தந்தி, மற்றவற்றைவிடக் குட்டை. அதை முறுக்கும் பிருடை தண்டியின் நடுவிலேயே துருத்திக்கொண்டிருக்கும். பாட்டு எங்கே அலைந்தாலும் கட்டைவிரல் அதைத் தொட்டுக்கொண்டே இருக்கும். அந்தக் கூர்மையான ஒலியைப் பிடியுங்கள், மற்றவை தாமாக அடங்கும்.

சரவெடிக்கும் கணக்கு உண்டு. 1945இல், புளூகிராஸின் தந்தை எனப்படும் பில் மன்றோவின் குழுவில் சேர்ந்த ஏர்ல் ஸ்க்ரக்ஸ் பரப்பிய மூன்று விரல் வாசிப்பு அது. செல்லூரில் எங்கள் கீழ்வீட்டில் இருக்கும் தவில்காரர், சத்தம் கேட்டு மாடியேறி வந்தார். கொஞ்ச நேரம் நின்று கேட்டவர், "தகிட தகிட தக" என்று தொடையில் போட்டுக் காட்டினார். மூன்று, மூன்று, இரண்டு, ஆக எட்டு. பாஞ்சோவை அவர் அதுவரை கண்ணால் பார்த்ததில்லை!

1995இல் வந்த இந்த ஆல்பத்தில் ஜாஸ் பக்கம் சிக் கொரியாவின் பியானோ, பிரான்ஃபோர்ட் மார்சாலிஸின் சாக்சபோன். புளூகிராஸ் பக்கம் டோனி ரைஸின் கிட்டார், சாம் புஷ்ஷின் மாண்டலின். யாரும் தன் பாணியை விட்டுக்கொடுக்கவில்லை. எனக்குப் பிடித்ததே அதுதான். மெதுவான பாட்டுகளில் மட்டும் மெருகு கொஞ்சம் தூக்கல்.

கே: எங்கள் ஊர்க் கச்சேரிகளில் கட்டைகளை அழுத்தி வாசிப்பார்களே, அந்த பாஞ்சோவா இது?
– உசிலம்பட்டி வாசகர்

ப: இல்லை. நீங்கள் சொல்வது புல்புல் தாரா. ஃப்ளெக்கின் பாஞ்சோ தோல் போர்த்திய வாத்தியம். அமெரிக்காவுக்கு அடிமைகளாகக் கொண்டுபோகப்பட்ட ஆப்பிரிக்கர்கள் வழியே வந்தது. அந்த வேரைத் தேடி உகாண்டா, தான்சானியா, காம்பியா, மாலி என்று போய் ஃப்ளெக் பதிவு செய்தவை 2009இல் தனி ஆல்பமாக வந்தன.

கே: மதுரைக் காதுக்கு இந்தக் கலப்படம் ஒத்துவருமா?
– திருமங்கலம் வாசகர்

ப: மதுரை மணி ஐயர் மேற்கத்திய மெட்டில் 'இங்கிலீஷ் நோட்' பாடியபோது இந்தக் கேள்வியை யாராவது கேட்டார்களா? சந்தேகம் தீராவிட்டால் 2023இல் வந்த ஃப்ளெக்கின் 'ஆஸ் வீ ஸ்பீக்' ஆல்பத்தில் தொடங்குங்கள். ஜாகிர் உசேனின் தபலாவும் ராகேஷ் சௌராசியாவின் புல்லாங்குழலும் துணைக்கு இருக்கின்றன.