சுங்கச்சாவடி வரிசையில் ஏறும் வெப்பமுள்

நண்பரே, தொப்பூர் கணவாயில் நிதானமாக இருக்கும் உங்கள் ஸ்போர்ட்ஸ் காரின் வெப்பமுள் (எஞ்சின் சூட்டைக் காட்டும் முள்), கிருஷ்ணகிரி சுங்கச்சாவடி வரிசையில் நின்றதும் சிவப்பை நெருங்குகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். ஓடும்போது எதிர்க்காற்றே, எஞ்சினின் சூட்டை வெளியேற்றும் ரேடியேட்டரைக் குளிர்விக்கிறது. நிற்கும்போது அந்த வேலை முழுவதும் மின்விசிறியின் பொறுப்பாகிவிடுவதால், வாட்டர் பம்பை (கூலன்ட் எனும் குளிர்விப்புத் திரவத்தைச் சுழலவைக்கும் பம்ப்) மாற்றச் சொல்லும் மெக்கானிக்கிடம் அவசரப்பட்டுத் தலையாட்டாமல், முதலில் விசிறியின் மோட்டார், அதற்கு மின்சாரத்தை இணைக்கும் ரிலே, ஃபியூஸ் ஆகியவற்றைச் சோதியுங்கள். பெரும்பாலான கார்களில் ஏசியைப் போட்டதும் இந்த விசிறி சுழலும். சுழன்றும் சூடு தணியவில்லையென்றால், ஏசியின் சூட்டை வெளியேற்றும் கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் இடையே அடைந்திருக்கும் தூசியையும் பூச்சிகளையும் மெல்லிய நீர்வீச்சால் கழுவுங்கள். தாழ்ந்த முகப்புள்ள ஸ்போர்ட்ஸ் கார் சாலைக் குப்பையை நன்றாகவே வாரிக்கொள்ளும். வரிசையில் முள் ஏறினால் ஏசியை நிறுத்தி, ஹீட்டரை முழுவதுமாகத் திறந்துவிடுங்கள். மே மாதத்தில் அது தண்டனைதான், ஆயினும் எஞ்சினின் வெப்பத்தில் ஒரு பகுதி வெளியேறும். சூடாக இருக்கையில் ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே வேண்டாம். அழுத்தத்தில் இருக்கும் கூலன்ட் பீறிட்டு முகத்தில் அடிக்கும்.