பிள்ளைகளுக்கான புத்தகத்தை யார் தேர்ந்தெடுப்பது? டீச்சரிடம் கேட்டவை

கோலாலம்பூர்த் தமிழ்ப்பள்ளி ஒன்றின் வள மையத்தை, அதாவது பள்ளி நூலகத்தைப் பல ஆண்டுகள் கவனித்துக்கொண்டவள் நான். பெற்றோர் கேட்டவற்றைச் சுருக்கித் தருகிறேன்.

செந்தூல், ஓர் அப்பா: மகன் நாலாம் ஆண்டு. காமிக்ஸ், காற்பந்துப் புத்தகம் தவிர எதையும் தொட மாட்டேங்கிறான். நல்ல கதை வாங்கிக் கொடுத்தா அலமாரியிலயே கிடக்குது.

அதுவும் வாசிப்புதான், ஐயா. யார் எந்தக் கிளப்புக்கு எத்தனை கோல் அடித்தார் என்று தேடிப் படிப்பவன் அட்டவணை வாசிக்கக் கற்றுவிட்டான். காமிக்ஸில் இரண்டு கட்டங்களுக்கு நடுவே சொல்லாமல் விட்டதை அவனேதான் நிரப்பிக்கொள்கிறான். நாம் 'நல்ல கதை' என்று வாங்குவது பெரும்பாலும் நீதிக்கதை. கடைசிப் பக்கத்தில் அறிவுரை காத்திருக்கிறது என்பது பிள்ளைக்கு முதல் பக்கத்திலேயே தெரிந்துவிடும். கடைக்குப் போனால் அவன் எடுப்பதை வாங்குங்கள். உங்களுக்குப் பிடித்ததையும் வாங்குங்கள், ஆனால் அதை நீங்களே கூடத்தில் உட்கார்ந்து படியுங்கள்.

பிரிக்பீல்ட்ஸ், ஓர் அம்மா: மகள் அஞ்சாம் ஆண்டு. இங்கிலீஷ்ல தடிப் புத்தகத்தையும் முடிச்சிடுறா. தமிழ்னா கொட்டாவி.

பெரும்பாலும் இது வெறுப்பில்லை, வேகம்தான் காரணம். தமிழில் இன்னும் எழுத்துக் கூட்டிக்கொண்டிருப்பாள். ஒரு வரி முடிவதற்குள் அதன் தொடக்கம் மறந்துபோனால் எந்தக் கதைதான் சுவைக்கும்? போதாததற்கு, வீட்டில் பேசுவது ஒரு தமிழ், புத்தகத்தில் இருப்பது இன்னொன்று. தமிழ்நாட்டிலிருந்து வரும் கதை என்றால் கண்மாய், வரப்பு, களத்துமேடு எல்லாம் வரும். எல்ஆர்டி நகர ரயில் பார்த்து வளர்ந்தவளுக்கு அவை தூரத்து ஊர்.

அஞ்சாம் ஆண்டு என்பதற்காக அஞ்சாம் ஆண்டுப் புத்தகம் கொடுக்காதீர்கள். ஒரு பக்கம் வாசிக்கச் சொல்லுங்கள். ஐந்து சொற்களுக்கு மேல் தடுமாறினால் அதை நீங்கள் வாசியுங்கள், அவள் கேட்கட்டும். தொடக்கப்பள்ளி வயதில் கேட்டுப் புரிவது பொதுவாகப் படித்துப் புரிவதற்கு ஒரு படி மேலே இருக்கும். பெரிய பெண்ணிடம் சின்னப் புத்தகத்தை நீட்டினால் வெட்கப்படுவாள். தம்பிக்கோ பக்கத்து வீட்டு வாண்டுக்கோ வாசித்துக் காட்டச் சொன்னால் வெட்கம் ஓடிவிடும். பெங்களூரின் பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகள் நான்கு நிலைகளில் இலவசமாக உள்ளன, அச்செடுத்தும் கொள்ளலாம். முதல் நிலையிலிருந்தே தொடங்குங்கள்.

செராஸ், ஒரு சித்தி: அக்கா மகனுக்கு ஒரு புத்தகம் முடிச்சா 5 ரிங்கிட் தர்றோம். தப்பா டீச்சர்?

வாசிக்கவே பிடிக்காத பிள்ளை என்றால் கொஞ்ச நாள் ஓடும். ஏற்கெனவே ஆசையாக வாசிப்பவனுக்குக் கொடுத்தால்தான் ஆபத்து. 1973இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற மூவர் அமெரிக்காவில் படம் வரையப் பிடித்த மழலைகளை வைத்துச் சோதித்தார்கள். சான்றிதழ் உண்டு என்று முன்பே சொல்லி வரையவைத்த பிள்ளைகள், பிறகு சும்மா விட்டபோது மற்றவர்களில் பாதி நேரம்தான் வரைந்தார்கள். எதிர்பாராமல் பரிசு கிடைத்த பிள்ளைகளுக்கு ஆர்வம் குறையவில்லை. ஆகவே முன்கூட்டி விலை பேசாதீர்கள். என்றாவது திடீரென்று கடைக்குக் கூட்டிப்போய் ஒரு புத்தகம் வாங்கிக் கொடுங்கள்.

கெப்போங், ஓர் இளம் ஆசிரியர்: நிலாம் பதிவுக்காக, அதாவது வாசித்த நூல்களைக் கணக்கெழுதும் பள்ளித் திட்டத்துக்காக, மாணவர்கள் மெல்லிய புத்தகமாகப் பார்த்து எடுக்கிறார்கள்.

எண்ணிக்கை கேட்டால் எண்ணிக்கைதான் வரும், தம்பி. பதிவை விட முடியாது. ஆனால் வாரத்தில் ஒரு நாள் 15 நிமிடம் பதிவே இல்லாத வாசிப்புக்கு ஒதுக்குங்கள். எதையும் எடுக்கலாம், பிடிக்காவிட்டால் பாதியில் வைக்கலாம், சுருக்கம் எழுத வேண்டாம். அப்போது நீங்களும் வாசிக்க வேண்டும், பயிற்சிப் புத்தகம் திருத்தக் கூடாது. இன்னொன்று, தமிழ்ச் சிறுவர் நூல் பலவற்றுக்கு முதுகில் பெயரே இருக்காது. அட்டை தெரியும்படி நிறுத்திவையுங்கள்.

அம்பாங், ஓர் அம்மா: மகளுக்கு அஞ்சு வயசு. தினமும் அதே புத்தகம்தான்.

சலிப்பு உங்களுக்குத்தான், அவளுக்கில்லை. படியுங்கள்.

செத்தாப்பாக், ஒரு தாத்தா: பேத்திக்குத் தமிழ்ப் புத்தகம் எங்கம்மா கிடைக்கும்?

மஸ்ஜித் இந்தியா, பிரிக்பீல்ட்ஸ் கடைகளில் பாருங்கள், ஐயா. ஆண்டுதோறும் நடக்கும் அனைத்துலகப் புத்தகத் திருவிழாவுக்கும் போகலாம். இரவல் வாங்க துன் ரசாக் சாலை தேசிய நூலகம் இருக்கிறது. பேத்தியைக் கூட்டிக்கொண்டு போங்கள், அவளே எடுக்கட்டும். கடையில் வாங்கும் புத்தகத்துக்கு உங்கள் மகன் பணம் கட்டினால் ரசீதைப் பத்திரப்படுத்தச் சொல்லுங்கள். வருமான வரியில் 2,500 ரிங்கிட் வரையிலான வாழ்க்கைமுறை விலக்கில் புத்தகச் செலவும் சேரும்.