பாரம்பரியம் என்றால் கோயிலும் கோட்டையும் மட்டும்தானா?

இல்லைங்க. ஈரோட்டுப் பக்கம் வந்தால் காலிங்கராயன் வாய்க்காலைத்தான் முதலில் காட்டுவேன். 13-ஆம் நூற்றாண்டில் வெட்டியது. பவானி ஆற்று அணைக்கட்டில் பிரிந்து, சுமார் 90 கிலோமீட்டர் ஓடி நொய்யலில் சேர்கிறது. நேராகப் போகாது, மேடு பள்ளத்தை அனுசரித்து வளைந்து வளைந்து போகும். அதனால்தான் வேகம் அடங்கி, வழியெல்லாம் நெல்லுக்கும் மஞ்சளுக்கும் வாழைக்கும் தண்ணீர் பாய்கிறது. தை 5 அன்று விவசாயிகள் வாய்க்காலில் மலர் தூவி வணங்குகிறார்கள்.

கோயில் குளத்தில் யாராவது கழிவைக் கொட்டினால் ஊரே திரண்டு வரும். அந்தக் கோபம் இந்த வாய்க்காலுக்கும் வர வேண்டும் என்பது என் ஆதங்கம். சாயக் கழிவும் தோல் கழிவும் கலந்து, அதைத் தனியே கொண்டுபோகப் பக்கத்திலேயே ‘பேபி வாய்க்கால்’ ஒன்று கட்ட வேண்டியதாகிவிட்டது.