கட்டணம் ஏறினால் நெரிசல் இறங்குமா?

கேள்வி: எலெக்ட்ரானிக் சிட்டி மேம்பாலத்தில் சாலை காலியாக இருந்தாலும், வண்டிகள் ஊர்ந்தாலும் ஒரே சுங்கம். கூட்ட நேரத்தில் ஏற்றி, மற்ற நேரத்தில் குறைத்தால் நெரிசல் தீருமா? ஃபாஸ்டேக் இருக்கிறதே, சுலபம்தானே?
— பொம்மனஹள்ளி வாசகர், பெங்களூரு

பதில்: வசூலிப்பது சுலபம்தான். விலையை எப்போது, எங்கே காட்டுகிறோம் என்பதில்தான் சிக்கல்.

நல்ல நெடுஞ்சாலையில் ஒரு தடம் மணிக்குச் சுமார் 2,000 வண்டிகளைத் தாங்கும். அதற்கு மேல் நுழைந்தால் வேகம் சரியும். கடந்து போகும் வண்டிகளின் எண்ணிக்கையும் குறையும். எல்லாரையும் விரட்ட வேண்டியதில்லை, நேரத்தை மாற்றிக்கொள்ளக்கூடிய சிலர் அரைமணி தள்ளிக் கிளம்பினாலே சாலை மூச்சுவிடும். சிங்கப்பூரில் 1998 முதல் இதுதான் கணக்கு: விரைவுச்சாலையில் வேகம் 45 கி.மீ.க்குக் கீழே போனால் கட்டணம் ஏறும், 65ஐத் தாண்டினால் இறங்கும். ஆனால் விலை அந்தந்த நிமிடத்தில் மாறுவதில்லை. நேரவாரியாக முன்பே அறிவித்துவிடுவார்கள். அமெரிக்காவின் மின்னசோட்டாவிலோ, 3 நிமிடத்துக்கு ஒருமுறை மாறும் விரைவுத் தடங்கள் உண்டு. நுழையும்போது பலகையில் பார்த்த விலைதான் கடைசிவரை.

அந்தப் பலகை, பாலமா கீழ்ச்சாலையா என்று முடிவெடுக்கும் இடத்துக்கு முன்பே இருக்க வேண்டும். பூத்தில் போய் விலை தெரிந்து என்ன பயன், திரும்பவா முடியும்? இன்னொன்று: எட்டு மணிக்கு விலை சட்டென்று இறங்கினால், 7.55க்கு வண்டிகள் ஓரங்கட்டி நிற்கும். அதனால் இரண்டு விலைக்கும் நடுவே சில நிமிடங்களுக்கு ஓர் இடைக்கட்டணம் வைப்பார்கள்.

இனி உங்கள் மேம்பாலம். மாலையில் ஊருக்குள் வரும் வண்டிகளின் வரிசை, பாலம் இறங்கியபின் வரும் சில்க் போர்டு சந்திப்பில் பிறந்து பின்னோக்கி நீளும் நாளில், பாலத்துக்கு மட்டும் விலை ஏற்றினால் வண்டிகள் கீழே இறங்கி அதே சந்திப்புக்குத்தான் வரும். நடுவில் மாட்டுவது பஸ் பயணிகள். மாற்றுவழி இருந்தால்தான் விலை வேலை செய்யும். 2025 ஆகஸ்டில் திறந்த ஆர்.வி. ரோடு–பொம்மசந்திரா மஞ்சள் மெட்ரோ அந்த வகையில் பெரிய துணை.

கேள்வி: அப்படியானால் தேசிய நெடுஞ்சாலை வருடாந்திர பாஸ்?
— ஓசூர் சாலை வாசகர்

பதில்: 2025இல் அறிமுகமானபோது 3,000 ரூபாய்க்கு 200 முறை சுங்கச்சாவடியைக் கடக்கலாம், அதாவது ஒருமுறைக்கு 15 ரூபாய். பாஸ்காரருக்குக் காலை எட்டு மணியும் நள்ளிரவும் ஒரே விலை. நேரவாரிக் கட்டணம் வந்தால், கூட்ட நேரத்தில் பாஸுக்கு இரண்டு முறையாகக் கழிக்க வேண்டியிருக்கும்.