ஆம், ஓம், வீ, ஓகே: வாசகர் கேள்விகளும் பதில்களும்

பிரெஞ்சில் ‘வீ’, ஸ்பானிஷில் ‘சீ’. இரண்டுமே லத்தீனிலிருந்து வந்த மொழிகள்தானே? ‘ஆமாம்’ மட்டும் எப்படி இப்படிப் பிரிந்தது?
(புதுச்சேரி வாசகி)

லத்தீனில் அதற்கென்று ஒரு தனிச்சொல் இல்லை. பிரிந்ததற்குக் காரணமே அதுதான். ‘வெனிஸ்னே?’ (வருகிறாயா?) என்று கேட்டால் ‘வெனியோ’ (வருகிறேன்) என்று வினைச்சொல்லையே திருப்பிச் சொல்வார்கள். அழுத்திச் சொல்ல வேண்டுமென்றால் ‘சீக்’ (அப்படியே), ‘இதா’ (அவ்வாறே), ‘வேரோ’ (மெய்யாகவே) என்று ஏதாவது ஒன்றைச் சேர்த்துக்கொள்வார்கள். ரோமப் பேரரசு சிதறிய பிறகு ஒவ்வொரு வட்டாரமும் தனக்குப் பிடித்த ஒன்றை எடுத்துக்கொண்டது. ‘சீக்’ என்பதிலிருந்து இத்தாலியனுக்கும் ஸ்பானிஷுக்கும் ‘சீ’, போர்த்துக்கீசுக்கு மூக்கொலியோடு ‘சிம்’.

தென் பிரான்சு வேறு பக்கம் போனது. ‘ஹோக்’ என்றால் ‘இது’. அது தேய்ந்து ‘ஒக்’ ஆனது. வட பிரான்சில் அதே ‘ஹோக்’ இன்னும் தேய்ந்து வெறும் ‘ஓ’ ஆகி, பின்னால் ஒரு பிரதிப்பெயரையும் இழுத்துக்கொண்டது. ‘நீ செய்தாயா?’ என்றால் ‘ஓ ஜே’ (ஆம், நான்). ‘அவன் செய்தானா?’ என்றால் ‘ஓ இல்’ (ஆம், அவன்). நாளடைவில் ‘அவன்’ வடிவமே எல்லாருக்கும் பொதுவாகிவிட்டது. அந்த ‘ஒயில்’ தன் கடைசி ஒலியை இழந்ததுதான் இன்றைய ‘வீ’. ஆக, உங்கள் ஊர்ப் பெரியவர்கள் சிலர் இன்றும் சொல்லும் ‘வீ’க்குள் ஓர் ‘இது’வும் ஓர் ‘அவன்’னும் ஒளிந்திருக்கிறார்கள்.

14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இத்தாலியக் கவிஞர் தாந்தே, மக்கள் மொழிகளைப் பற்றி எழுதிய நூலில் ‘ஒக்’ சொல்பவர்கள், ‘ஒயில்’ சொல்பவர்கள், ‘சீ’ சொல்பவர்கள் என்று இந்த மொழிகளை மூன்றாகப் பிரித்தார். தென் பிரான்சின் ‘லாங்கெதொக்’ என்ற பகுதிப் பெயருக்குப் பொருளே ‘ஒக் மொழி’. ஆமாம் சொல்லும் விதத்தை வைத்து ஒரு நாட்டுக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள்!

லத்தீன் குடும்பத்தில் ருமேனியன் விலகி நிற்கிறது. அது பக்கத்து ஸ்லாவிய மொழிகளிடமிருந்து ‘தா’ என்ற சொல்லைக் கடன் வாங்கிக்கொண்டது.

நம்முடைய ‘ஆம்’ சமஸ்கிருதமா? யாழ்ப்பாணத்தில் ‘ஓம்’ என்கிறார்களே, அது பிரணவமா?
(திருநெல்வேலி வாசகர்)

‘ஆம்’ என்பது ‘ஆகும்’ என்பதன் சுருக்கம். ‘போகும்’ செய்யுளில் ‘போம்’ ஆவது போலத்தான் இதுவும். ‘ஆமாம்’ என்பது அதையே இரண்டு முறை சொல்வது. ‘வரலாம்’ என்பதன் வால், ‘வந்தாராம்’ என்று கேள்விப்பட்டதைச் சொல்லும்போது ஒட்டிக்கொள்ளும் வால், எல்லாம் இதே ‘ஆம்’தான்.

அக்கம்பக்கத்தைப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். தெலுங்கு ‘அவுனு’, ‘அவு’ (ஆகு) என்ற வினையின் வடிவம். மறுப்பாக வரும் ‘காது’வும் அதே வினையின் எதிர்மறை. கன்னட ‘ஹௌது’ பழைய ‘அப்புது’ (ஆவது) என்பதிலிருந்து ‘அஹுது’ வழியாக வந்து நிற்கிறது. மூன்று மொழிகளும் ‘ஆகும்’ என்றே ஒப்புக்கொள்கின்றன. மலையாளம் மட்டும் ‘அதே’ என்று சுட்டைப் பிடித்துக்கொண்டது. தென் பிரான்சுக்காரர்கள் ‘இது’ என்றதை மலையாளிகள் ‘அது’ என்கிறார்கள், அவ்வளவே வித்தியாசம்.

ஈழத்து ‘ஓம்’ இதே ‘ஆம்’ ஒலி திரிந்து வந்தது. ஆகாரம் ஓகாரமாவது நமக்குப் புதிதில்லை. பழந்தமிழ் ‘வந்தாம்’ இன்று ‘வந்தோம்’. உரைநடையின் ‘வந்தான்’ செய்யுளில் ‘வந்தோன்’. ஆகவே யாழ்ப்பாணத்தில் கடைக்காரர் ‘ஓம், இருக்கு’ என்றால் அங்கே மந்திரம் எதுவும் இல்லை.

ஆனால் உங்கள் கேள்வியின் மறுபாதியை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. சாந்தோக்கிய உபநிடதத்தின் முதல் பகுதியே ‘ஓம் என்பது இசைவுச் சொல், ஒருவர் எதற்கு இசைந்தாலும் ஓம் என்றே சொல்கிறார்’ என்கிறது. ஐதரேய பிராமணம் ‘ஓம் என்பது தெய்வ வழக்கு, ததா என்பது மனித வழக்கு’ என்று பிரித்துக் காட்டுகிறது. ‘ததா’ என்றால் ‘அப்படியே’. லத்தீன் ‘சீக்’ நினைவுக்கு வருகிறதா? பின்லாந்து அறிஞர் அஸ்கோ பர்போலா ஒரு படி மேலே போய், வேத ‘ஓம்’ என்பதே திராவிட ‘ஆம்’ என்பதிலிருந்து போயிருக்கலாம் என்று எழுதினார். இது கருதுகோள்தான், எல்லாரும் ஏற்ற முடிவல்ல. மேடையில் முழங்குவதற்கு முன் இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

‘ஆமாம்’ என்ற சொல்லே இல்லாத மொழி இன்று உண்டா?
(பள்ளி ஆசிரியர், நாமக்கல்)

அயர்லாந்தின் ஐரிஷ் மொழியில் இல்லை. ‘இருக்கிறதா?’ என்றால் ‘தா’ (இருக்கிறது) அல்லது ‘நீல்’ (இல்லை). வேறு வினையில் கேட்டால் அந்த வினையில்தான் பதில். அயர்லாந்துக்காரர்கள் ஆங்கிலம் பேசும்போதும் ‘ஆர் யூ கமிங்?’ என்றால் வெறும் ‘யெஸ்’ சொல்லாமல் ‘ஐ ஆம்’ என்பது இந்தப் பழக்கத்தின் மிச்சம். வெல்ஷ் மொழி கற்பவர்கள் விழிபிதுங்கும் இடமும் இதுதான். ‘பால் இருக்கிறதா?’ என்ற கேள்விக்கு ‘ஒய்ஸ்’. ‘நீ வருகிறாயா?’ என்றால் ‘அதவ்’. நடந்து முடிந்த எதைக் கேட்டாலும் ‘தோ’. ‘நீ ஆசிரியரா?’ என்று பெயரை முன்னால் வைத்துக் கேட்டால் மட்டும் ‘யே’. கேள்வியின் வினை எது, காலம் எது என்று காதில் பிடிக்காமல் வெல்ஷில் ஆமாம் சொல்லவே முடியாது.

உங்கள் வகுப்பில் இதை நடத்த வெளிநாடு போக வேண்டியதில்லை. 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் நன்னூலில் எட்டு வகை விடைகளைச் சொல்கிறார்: சுட்டு, மறை, நேர், ஏவல், வினா எதிர் வினாதல், உற்றது உரைத்தல், உறுவது கூறல், இனமொழி. ‘இது செய்வாயா?’ என்பதற்கு ‘செய்வேன்’ என்பது நேர்விடை. வினையைத் திருப்பிச் சொல்வதே அங்கே ஒப்புதல். ‘கால் வலிக்கிறது’ என்பது உற்றது உரைத்தல், ‘கால் வலிக்கும்’ என்பது உறுவது கூறல். பேச்சிலும் ‘சாப்பிட்டியா?’ என்றால் ‘சாப்பிட்டேன்’ என்பதுதான் நம் வாயில் முதலில் வருவது.

மறுப்பில் இது இன்னும் பளிச்சென்று தெரியும். ‘காபி வேணுமா?’ ‘வேண்டாம்.’ ‘வருவியா?’ ‘மாட்டேன்.’ ‘தூக்க முடியுமா?’ ‘முடியாது.’ எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரே ஒரு மறுப்புச் சொல் தமிழில் இல்லை. ‘காபி வேணுமா?’ என்றதற்கு ‘இல்ல, வேண்டாம்’ என்கிறோமே, அந்த முதல் ‘இல்ல’ ஆங்கில ‘நோ’வின் பாதிப்பு என்பது என் எண்ணம். அதை நீக்கிவிட்டாலும் பதில் முழுமையாகவே இருக்கும்.

மகள் அமெரிக்க நிறுவனத்துக்காக இரவு வேலை பார்க்கிறாள். ‘யூ டின்ட் கெட் மை மெயில்?’ என்று கேட்டதற்கு ‘யெஸ்’ என்றாளாம். கிடைத்துவிட்டது என்று எடுத்துக்கொண்டார்களாம். தவறு யாருடையது?
(மதுரை வாசகர்)

இரண்டு பேருமே அவரவர் மொழி வழக்கில் சரி. எதிர்மறைக் கேள்விக்குப் பதில் சொல்ல உலகில் இரண்டு பாதைகள் உண்டு. ஜப்பானியமும் சீனமும் ‘நீ சொன்னது உண்மைதான்’ என்று கேள்வியைப் பார்த்துத் தலையாட்டும். ‘வரலையா?’ என்றால் ‘ஆமா, வரல’. ஆங்கிலம் கேள்வியைக் கண்டுகொள்ளாது. தன் பதில் உடன்பாடா எதிர்மறையா என்று மட்டும் பார்க்கும். கிடைத்திருந்தால் ‘யெஸ்’, கிடைக்கவில்லை என்றால் ‘நோ’, எப்படிக் கேட்டாலும் சரி.

தமிழ் இரண்டும் கெட்டான். ‘மெயில் வரலையா?’ என்றால் ‘ஆமா, வரல’ என்றும் சொல்வோம், ‘இல்ல, வரல’ என்றும் சொல்வோம். குழம்புவதில்லை, ஏனென்றால் நமக்குப் பொருள் தருவது பின்னால் வரும் ‘வரல’. பின்னால் வரும் அந்த வினையை விட்டுவிட்டு ‘ஆமா’வை மட்டும் ஆங்கிலத்தில் பெயர்த்துச் சொல்லும்போதுதான் சிக்கல்.

மகளிடம் சொல்லுங்கள்: எதிர்மறையில் கேள்வி வந்தால் வெறும் ‘யெஸ்’, ‘நோ’ இரண்டையும் விட்டுவிட்டு வாக்கியமாகவே பதில் சொல்லட்டும். ‘ஐ டின்ட் கெட் இட்’, அல்லது ‘ஐ காட் இட்’. நம் சொந்தப் பழக்கம்தான் இது, ஆங்கிலத்திலும் கச்சிதமாகப் பொருந்தும். ‘டூ யூ மைண்ட் இஃப் ஐ ரெக்கார்ட் திஸ்?’ என்பது இன்னொரு கண்ணி. அதன் பொருள் ‘பதிவு செய்தால் உனக்கு ஆட்சேபமா?’ சம்மதம் என்றால் ‘நோ, கோ அஹெட்’ என்று சொல்ல வேண்டும். ‘யெஸ்’ என்றால் ஆட்சேபிக்கிறாள் என்று பொருள்.

கேட்கும் இடத்தில் இருப்பவர்களுக்கும் இதில் பொறுப்பு உண்டு. ‘உங்களுக்குப் பெனிசிலின் அலர்ஜி இல்லையே?’ என்று நோயாளியிடம் கேட்டு, வரும் ‘ஆமா’வை அட்டையில் குறிப்பது ஆபத்து. அந்த ‘ஆமா’ எதை ஒப்புக்கொள்கிறது? ‘பெனிசிலின் போட்டு எப்போதாவது தடிப்பு, மூச்சுத்திணறல் வந்திருக்கிறதா?’ என்று நேராகக் கேட்டால் ‘வந்திருக்கு’, ‘வந்ததில்ல’ என்று இரண்டில் ஒன்று கிடைக்கும். நீதிமன்றக் குறுக்கு விசாரணைக்கும் கணக்கெடுப்புப் படிவங்களுக்கும் இதே விதி.

சில மொழிகள் இதற்கென்றே மூன்றாவது சொல் வைத்திருக்கின்றன. ‘நீ வரமாட்டாயே?’ என்பதை மறுத்து ‘வருவேன்’ என்று சொல்ல ஜெர்மனில் ‘தொஹ்’, ஸ்வீடிஷில் ‘யூ’, பிரெஞ்சில் ‘சி’. மேலே பார்த்த லத்தீன் ‘சீக்’ பிரெஞ்சில் இந்த வேலைக்கு வந்து உட்கார்ந்துவிட்டது. அரபியில் ‘பலா’. ‘நான் உங்கள் இறைவன் அல்லவா?’ என்ற குர்ஆன் வசனத்துக்கு (7:172) விடை ‘பலா’. அங்கே ‘நஅம்’ என்று சொல்லியிருந்தால் ‘ஆம், அல்ல’ என்று பொருள் மாறியிருக்கும் என்று அரபு இலக்கணிகள் இதையே எடுத்துக்காட்டாகத் தருவார்கள்.

ஆங்கிலத்திலும் இந்த வசதி முன்பு இருந்தது. நேர்க் கேள்விக்கு ‘யே’, ‘நே’. எதிர்மறைக் கேள்விக்கு ‘யெஸ்’, ‘நோ’. பைபிளை மொழிபெயர்த்த டிண்டேல் ‘நே’ வர வேண்டிய இடத்தில் ‘நோ’ போட்டுவிட்டார் என்று தாமஸ் மோர் 1532இல் அச்சிலேயே சண்டை போட்டார். அதற்குப் பிறகு ஒரு நூறாண்டுக்குள் அந்த வேறுபாடே மறைந்துவிட்டது. ‘யெஸ்’ என்பதே பழைய ‘யே’வும் ‘ஆகட்டும்’ என்ற பொருளுள்ள ஒரு சொல்லும் ஒட்டியது என்பதுதான் சொற்பிறப்பு அறிஞர்கள் பொதுவாகத் தரும் விளக்கம்.

‘ஓகே’ செவ்விந்தியர் மொழியா, கிரேக்கமா?
(கரூர் வாசகர்)

இரண்டும் இல்லை. 1839 மார்ச் 23 அன்று வெளிவந்த ‘பாஸ்டன் மார்னிங் போஸ்ட்’ நாளிதழில் அச்சேறிய ஒரு கிண்டல். சரியான தொடரை வேண்டுமென்றே பிழையாக எழுத்துக்கூட்டி அதன் முதலெழுத்துகளைப் போடுவது அந்தக் கால பாஸ்டன் குறும்பு. ‘ஆல் கரெக்ட்’ என்பதில் ‘ஆல்’ என்பதை ‘ஓ’விலும் ‘கரெக்ட்’ என்பதை ‘கே’யிலும் தொடங்கி எழுதினார்கள். அந்தக் கூட்டத்தில் பிறந்த மற்ற சுருக்கங்கள் எல்லாம் செத்துப்போயின. இது பிழைத்ததற்கு 1840 தேர்தல் காரணம். மறுபடியும் போட்டியிட்ட குடியரசுத் தலைவர் மார்ட்டின் வான் பியூரன், நியூயார்க் மாநிலத்து கிண்டர்ஹுக் என்ற ஊர்க்காரர். ‘ஓல்ட் கிண்டர்ஹுக்’ என்ற அவரது பட்டப்பெயரின் முதலெழுத்துகளும் அதுவே. ஆதரவாளர்கள் அதைச் சங்கப் பெயராக்கினார்கள். அவர் தோற்றார், ஓகே ஜெயித்தது. இதையெல்லாம் பழைய நாளிதழ்களைத் துருவி 1963, 64ஆம் ஆண்டுகளில் நிறுவியவர் ஆலன் வாக்கர் ரீட். சொக்டா இந்தியர் மொழியின் ‘ஓகே’ என்ற கதையை நம்பியவர்களில் குடியரசுத் தலைவர் உட்ரோ வில்சனும் ஒருவர்.

ஜப்பானியர்கள் கூட்டம் முழுக்க ‘ஹாய், ஹாய்’ என்கிறார்கள், பிறகு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதில்லை. ஏன்?
(திருப்பூர் ஏற்றுமதியாளர்)

அவர்கள் உம் கொட்டியிருக்கிறார்கள். கதை சொல்லும்போது பேரன் ‘உம்’ கொட்டினால் கதையை ஏற்றுக்கொண்டான் என்றா பொருள்? கேட்டுக்கொண்டிருக்கிறான், தூங்கவில்லை. இதை ஜப்பானியத்தில் ‘ஐசுசி’ என்பார்கள். கொல்லுப்பட்டறையில் இருவர் மாறி மாறிச் சுத்தியல் போடுவதிலிருந்து வந்த பெயர். விலையும் தேதியும் எழுத்தில் திரும்பி வரும்வரை ‘ஹாய்’ எதையும் கணக்கில் சேர்க்காதீர்கள்.

‘நே’ என்றால் எந்த ஊரில் ஆமாம்?
(சிவகங்கை வாசகி)

கிரேக்கத்திலும் கொரியாவிலும். செக் நாட்டில் பேச்சுவழக்கில் ‘நோ’ என்றாலே ஆமாம்தான். பல்கேரியாவில் பக்கவாட்டில் தலையாட்டினால் சம்மதம், மேலும் கீழும் ஆட்டினால் மறுப்பு.

டொராண்டோவில் பிள்ளைகளுக்குத் தமிழ் கற்பிக்கிறோம். ‘ஆம்’, ‘சரி’ இரண்டையும் மாற்றி மாற்றிப் போடுகிறார்கள். எப்படிப் புரியவைப்பது?

ஆங்கில ‘யெஸ்’ இரண்டு வேலையும் பார்ப்பதால் வரும் குழப்பம் இது. செய்தியை ஒப்புக்கொண்டால் ‘ஆம்’ (உங்கள் வீட்டில் ‘ஓம்’), சொன்னதைச் செய்ய இசைந்தால் ‘சரி’. ‘வெளியே பனி பெய்யுதா?’ ‘ஓம்.’ ‘அப்ப தொப்பியைப் போடு.’ ‘சரி.’ இந்த நான்கு வரியை ஆள் மாற்றி, பொருள் மாற்றி நாடகமாக நடிக்க விடுங்கள்: மழை, குடை, பசி, தட்டு, பாடசாலை, பை. கேள்விக்குறி இருந்தால் முதல் சொல், கட்டளை இருந்தால் இரண்டாவது என்று பலகையில் இரண்டு கட்டம் போட்டுக் காட்டினாலும் போதும். ‘ஆமா, போடுறேன் போ!’ என்று கட்டளைக்கு ‘ஆமா’ சொன்னால் அது கிண்டல். அதை நீங்கள் கற்றுக்கொடுக்க வேண்டாம். தாமாகவே பிடித்துக்கொள்வார்கள்.