ஒத்திகையில் மூன்று பேர் உத்தரவு போட்டால்

நண்பரே, தீ ஒத்திகையில் பிளான்ட் மேனேஜர், செக்யூரிட்டி ஆபீசர், ஷிப்ட் இன்சார்ஜ் மூவரும் ஒரே வாக்கிடாக்கி சேனலில் ஆளுக்கொரு உத்தரவு போட, வால்வை மூட வேண்டியவர்கள் கேட்டுக்கு ஓடிவிட்டார்கள் என்று எழுதியிருந்தீர்கள். யார் தலைமை என்று முன்பே முடிவாகாததன் விளைவு இது. 1970 கலிபோர்னியா காட்டுத்தீயில் பல துறை வண்டிகள் வந்தும், ஒருவர் ரேடியோ மற்றவருக்குக் கேட்காமல், யார் சொல்வதைக் கேட்பது என்று தெரியாமல் திண்டாடினார்கள். விபத்து இடத்தில் யார் தலைமை, யார் யாருக்கு உத்தரவிடுவது என்று முன்பே வகுத்து வைக்கும் சம்பவத் தலைமை முறை பிறந்தது அதற்குப் பிறகுதான். நம் தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையமும் 2010-இல் இதற்கு வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது.

சரி, உங்கள் விஷயம். பதவியைப் பார்க்காதீர்கள். இரவில் முதலில் அங்கே நிற்பவர் ஷிப்ட் இன்சார்ஜ், அவரே தலைமை. மேனேஜர் வந்துவிட்டார் என்பதற்காகப் பொறுப்பு தானாக மாறாது. என்ன எரிகிறது, உள்ளே யார் இருக்கிறார்கள், எந்த வால்வு மூடியாயிற்று என்று நேரில் கேட்டு வாங்கிக்கொண்டு, "இனி நான் பொறுப்பு" என்று சேனலில் சொன்ன பிறகே மாற வேண்டும், இதை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். உத்தரவு போடும் ஒருவருக்குக் கீழ் நேரடியாக ஐந்து பேர், மிஞ்சினால் ஏழு. அப்புறம், தீயணைப்பு வண்டி வரும்போது பிளான்ட் வரைபடத்தோடு ஒருவர் கேட்டில் நிற்கட்டும்.