பழைய மின் ஹாரனைப் படகில் பொருத்துதல்: கேள்வி பதில்

பழைய பித்தளை ஹாரன்களைச் சீர்செய்வது, படகில் அவற்றுக்கு வயரிங் செய்வது ஆகிய இரண்டைப் பற்றிய கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறேன். இன்ஜின், வயர்லெஸ், உரிமம் குறித்துக் கேட்டவர்கள் பொறுத்தருள வேண்டும். அவற்றுக்கு நான் ஆள் இல்லை.

பாம்பன்: பழைய இரும்புக் கடையில் 12 வோல்ட் ஹாரன் ஒன்று கிடைத்தது. பேட்டரியில் தொட்டால் 'டிக்' என்று ஒருமுறை ஒலித்து நின்றுவிடுகிறது. மீட்டரில் ஒரு ஓம்தான் காட்டுகிறது. காயில் ஷார்ட் ஆகிவிட்டதா, ஐயா?

இல்லை. இத்தகைய ஹாரன்களின் காயில் ஒரு ஓம் அளவில்தான் இருக்கும். அதைப் பார்த்து ஷார்ட் என்று முடிவுகட்டி, நல்ல காயிலை வைண்டிங் கடைக்குக் கொடுத்தவர்கள் பலர். மின்சாரம் பாய்ந்ததும் காந்தம் டயஃப்ரத்தை, அதாவது ஒலி எழுப்பும் மெல்லிய தகட்டை, இழுக்கிறது; அந்த அசைவே பாயிண்டை (மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் தொடுமுனைகளை)த் திறந்து மின்சாரத்தைத் துண்டிக்கிறது; டயஃப்ரம் திரும்பி வந்ததும் பாயிண்ட் மீண்டும் மூடுகிறது. வினாடிக்குச் சில நூறு முறை இது நடந்தால்தான் ஒலி எழும். உங்கள் ஹாரனில் காந்தம் இழுக்கிறது, ஆனால் மின்சாரம் துண்டிக்கப்படவில்லை.

அதற்கு மூன்று காரணங்கள் உண்டு: பாயிண்ட் உருகி ஒட்டியிருக்கலாம், சரிசெய்யும் திருகு அளவு மீறி முடுக்கப்பட்டிருக்கலாம், அல்லது பாயிண்டுக்குக் குறுக்கே உள்ள பழைய காகிதக் கண்டன்சர் உள்ளுக்குள் ஷார்ட் ஆகியிருக்கலாம். முதலில் கண்டன்சரின் ஒரு முனையைக் கழற்றிவிட்டு நொடிப்பொழுது தொட்டுப் பாருங்கள். ஹாரன் கத்தினால் குற்றவாளி அதுதான், 0.22 மைக்ரோஃபாரட், 400 வோல்ட் பிலிம் கண்டன்சர் ஒன்றைப் போட்டுவிடலாம். 'டிக்' நிலையில் பிடித்துக்கொண்டே மட்டும் இருக்காதீர்கள். அப்போது பன்னிரண்டு ஆம்பியர் வரை தொடர்ந்து பாய்வதால் காயிலின் வார்னிஷ் கருகும்.

கண்டன்சரில் கோளாறு இல்லையென்றால் ஹாரனைத் திறந்தாக வேண்டும். மூடியும் உடலும் எப்படிச் சேர்ந்திருந்தன என்பதற்கு ஆணியால் ஒரு கோடு கிழித்துக்கொண்டு திருகுகளைக் கழற்றுங்கள். உள்ளே இருக்கும் காகித கேஸ்கெட்டின் தடிமன் முக்கியமானது. காந்தத்துக்கும் ஆர்மேச்சருக்கும் (டயஃப்ரத்தோடு சேர்ந்த இரும்புத் துண்டு) உள்ள இடைவெளியை அதுவே தீர்மானிக்கிறது. கிழிந்திருந்தால் அதே தடிமனில் வெட்டிப் போடுங்கள், கையில் கிடைத்த ரப்பரை அல்ல. பாயிண்டை உப்புத்தாளால் தேய்க்கக் கூடாது, அதன் துகள்கள் பதிந்துவிடும். மெல்லிய அரத்தால் இரண்டு இழுப்பு இழுத்து, ஸ்பிரிட்டால் துடைத்தால் போதும். மூடிய பிறகு அம்மீட்டரைத் தொடரில் வைத்துத் திருகைக் கால் சுற்றுக்கும் குறைவாகத் திருப்பி, ஒவ்வொரு முறையும் ஒரு நொடி மட்டும் ஒலிக்கச் செய்யுங்கள். குறைந்த ஆம்பியரில் தெளிவாக ஒலிக்கும் இடத்தில் பூட்டு நட்டை இறுக்கிவிட வேண்டும். சோதனைக்குத்தானே என்று ஃபியூஸ் இல்லாமல் தொடாதீர்கள்.

தொண்டி: பச்சைக் களிம்பு ஏறியிருக்கிறது. புளி போட்டுத் தேய்க்கலாமா?

காயிலையும் பாயிண்டையும் கழற்றிய பிறகு வெளிக்கூட்டையும் குழலையும் தாராளமாகத் தேய்க்கலாம். நல்ல தண்ணீரில் அலசி, வெயிலில் காயவைத்து, வார்னிஷ் பூசுங்கள். தேய்த்த பின் எங்கேனும் இளஞ்சிவப்புத் திட்டு தெரிந்தால் அங்கே துத்தநாகம் அரிக்கப்பட்டுச் செம்பு மட்டும் எஞ்சியிருக்கிறது என்று பொருள். அந்த இடத்தில் திருகை முடுக்கினால் பொடிப்பொடியாக உதிரும்.

மண்டபம்: பேட்டரியிலிருந்து ஹாரன் 5 மீட்டர். வீட்டு வயரிங்கில் மிஞ்சிய 1 சதுர மில்லிமீட்டர் வயர் போதுமா?

போதாது. போக 5, வர 5, ஆக 10 மீட்டர். ஹாரன் 10 ஆம்பியர் இழுத்தால் அந்த வயரிலேயே சுமார் 1.7 வோல்ட் தொலைந்துவிடும், 2.5 சதுர மில்லிமீட்டரில் 0.7 வோல்ட், 4 சதுர மில்லிமீட்டரில் அரை வோல்ட்டுக்கும் குறைவு. நான்கையே போடுங்கள். வெள்ளீயம் பூசிய செம்பு வயர் கிடைத்தால் சிறப்பு, ஏனெனில் நம் கரையின் காற்றில் வெறும் செம்பு உறைக்குள்ளேயே கறுத்துவிடுகிறது. பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் 15 ஆம்பியர் ஃபியூஸ் இருக்கட்டும்.

கீழக்கரை: படகில் 24 வோல்ட். 12 வோல்ட் ஹாரனை இரண்டு பேட்டரிகளில் ஒன்றிலிருந்து மட்டும் எடுக்கலாமா?

கூடாது. ஒரு பேட்டரி மட்டும் வடிந்து, சார்ஜ் ஆகும்போது மற்றது அளவுக்கு மீறிக் கொதிக்கும். 24-லிருந்து 12-க்கு இறக்கும் கன்வெர்ட்டர் வாங்குங்கள். ஹாரன் இழுப்பதைப் போல் இரண்டு மடங்கு ஆம்பியர் தரக்கூடியதாக இருக்க வேண்டும்.

ராமேஸ்வரம்: என்னிடம் உள்ள 12 வோல்ட் ஹாரன் தனுஷ்கோடி கப்பலில் இருந்ததாக விற்றவர் சொன்னார். உண்மையா?

1914 முதல் 1964 டிசம்பர் புயல் வரை தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே ஓடியவை நீராவிக் கப்பல்கள். கொதிகலனில் ஆவி இருக்கும் கப்பல் 12 வோல்ட் ஹாரனை எதற்குத் தேடப் போகிறது? நீங்கள் அனுப்பிய படத்தில் இருக்கும் வளைந்த பிடிமானம் லாரி பம்பருக்கு உரியது. ஹாரன் நல்ல ஹாரன்தான், கதைக்குக் கொடுத்த பணத்தை மறந்துவிடுங்கள்.

ஏர்வாடி: ஹாரனுக்கு ஒரே வயர் இழுத்து, மறுமுனையை வீல்ஹவுஸ் இரும்புச் சட்டத்தில் எர்த் செய்து, பட்டனை அந்த எர்த் பக்கம் வைத்திருக்கிறேன். லாரியில் இப்படித்தானே?

லாரி கடலில் நிற்பதில்லை. படகில் கசியும் மின்சாரம் கடலில் இறங்கினால் அடியில் இருக்கும் இரும்பை அரிக்கும். இரண்டு வயர் இழுங்கள், பட்டனை பாசிட்டிவ் பக்கம் மாற்றுங்கள்.

மூக்கையூர், சம்மாட்டி (படகு உரிமையாளர்) ஒருவர்: எங்கள் படகுகளில் தலைமுறையாக ஒற்றை வயர்தான். ஹாரன் நாளைக்கு ஒரு நிமிடம்கூட ஒலிக்காது. அதனால் அடியில் இருக்கும் இரும்பு அரித்துவிடும் என்பது வெறும் பூச்சாண்டி.

சம்மாட்டி அவர்கள் சொல்வதில் பாதி உண்மை. ஒலிக்கும் ஒரு நிமிடத்தைப் பற்றி எனக்கும் கவலை இல்லை. ஒலிக்காத மீதி நேரம்தான் சிக்கல். பட்டன் எர்த் பக்கம் இருந்தால் ஹாரனின் முனையில் பேட்டரியின் பாசிட்டிவ் இரவும் பகலும் நின்றுகொண்டே இருக்கும். வாடைக்காற்றில் நனைந்த ஹாரனுக்குள் உப்பு படிந்ததும், அந்த முனையிலிருந்து உடலுக்கும், உடலிலிருந்து சட்டத்துக்கும் மின்சாரம் கசியத் தொடங்குகிறது. சட்டம் இன்ஜினோடு நன்றாக இணைந்திருக்கும் வரை பேட்டரி வடிவதோடு போகும். அந்த இணைப்புப் போல்ட் துருவேறி விட்டுப்போய், சட்டம் சுக்கான் தண்டை மட்டும் தொட்டுக்கொண்டிருந்தால், கசிவு அதன் வழியே கடலில் இறங்கி, புரொப்பல்லர் வழியாக இன்ஜினுக்குத் திரும்பும். மின்சாரம் உலோகத்தை விட்டு நீரில் இறங்கும் இடம்தான் கரையும். ஓராண்டு முழுவதும் ஒரு ஆம்பியர் இப்படி ஓடினால் சுமார் 9 கிலோ இரும்பு கரைந்துவிடும். கசிவு அதில் நூறில் ஒரு பங்கு என்றாலும் 90 கிராம். அது ஒரே குழியில் போனால் தண்டில் ஓட்டை விழும்.

அதே சம்மாட்டி: அப்படியானால் ஸ்டார்ட்டர் மோட்டாரும் இன்ஜின் உடலில்தானே எர்த் ஆகிறது? அது மட்டும் சரியா?

சரிதான். இன்ஜினிலிருந்து பேட்டரி நெகட்டிவுக்குக் கை விரல் தடிமனில் ஒரு கேபிள் நேராகப் போவதால், மின்சாரத்துக்குக் கடலைத் தேடும் தேவை இல்லை. மேலும் ஸ்டார்ட்டர் நனைவதும் அரிது. வாதத்தைவிடச் சோதனை எளிது. எல்லாச் சுவிட்சுகளையும் அணைத்து, நெகட்டிவ் கேபிளைக் கழற்றி, இடையில் மல்டிமீட்டரை மில்லிஆம்பியரில் வைத்துப் பாருங்கள். பிறகு ஒரு குவளை கடல் தண்ணீரை ஹாரன் மேல் ஊற்றி மறுபடியும் பாருங்கள். பட்டன் எர்த் பக்கம் இருக்கும் படகில் முள் நகரும்.

ஏர்வாடிக்காரருக்கும் சேர்த்து முழு வழியையும் சொல்லிவிடுகிறேன்: பேட்டரி பாசிட்டிவ், ஒரு சாணுக்குள் ஃபியூஸ், ரிலேயின் (சிறு மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தை இணைக்கும் சுவிட்ச்; எண்கள் அதன் முனைகளில் பொறித்திருப்பவை) 30, அங்கிருந்து 87, பிறகு ஹாரன், தனி வயரில் பேட்டரி நெகட்டிவ். ஃபியூஸுக்குப் பின்னிருந்து பட்டன் வழியாக 86, 85 நெகட்டிவுக்கு. ரிலே காயிலுக்குக் குறுக்கே ஒரு டயோடு, அதன் கோடு பாசிட்டிவ் பக்கம்.

தேவிபட்டினம், தொண்டி, தங்கச்சிமடம்: 6 வோல்ட் ஹாரனை 12 வோல்ட்டில் போடலாமா?

மூன்று ஊர்களிலிருந்து ஒரே கேள்வி. நேரடியாகப் போடக் கூடாது. ஹாரன் 6 வோல்ட்டில் எத்தனை ஆம்பியர் இழுக்கிறது என்று அளந்து, 6-ஐ அதனால் வகுத்தால் தொடரில் போட வேண்டிய ரெசிஸ்டரின் ஓம் கிடைக்கும். 8 ஆம்பியர் என்றால் 0.75 ஓம், 100 வாட். அது சுடும், மரத்தில் நேராகத் திருகாதீர்கள்.

தொண்டி, மீண்டும்: ரெசிஸ்டர் இல்லாமல், சிறிது நேரம் மட்டும்?

இல்லை.

பாம்பன்: விசைப்படகுக்கு இந்தப் பழைய ஹாரன் ஒன்றே போதுமா?

1972-இன் சர்வதேச மோதல் தவிர்ப்பு விதிகளின்படி 12 மீட்டரும் அதற்கு மேலும் நீளமுள்ள கலத்துக்கு ஊதல் கட்டாயம். 20 மீட்டருக்குள் என்றால் அது அரைக் கடல் மைல் கேட்க வேண்டும். பழைய ஹாரனை இரண்டாவதாக வைத்துக்கொள்ளுங்கள். வலப்புறம் திரும்புகையில் ஒரு குறு ஒலி, இடப்புறத்துக்கு இரண்டு, பின்னோக்கி இயக்குகையில் மூன்று, எதிர்க்கலத்தின் நோக்கம் விளங்காவிட்டால் குறைந்தது ஐந்து. மூடுபனியில் மீன் பிடிக்கும்போது ஒரு நெடு ஒலியும் இரு குறு ஒலிகளும், 2 நிமிடத்துக்கு மிகாத இடைவெளியில்.

மண்டபம்: தண்ணீர் புகாமல் சுற்றிலும் சிலிக்கான் அடைக்கலாமா?

காடி வாசம் வீசும் சிலிக்கான் பித்தளையையும் செம்பையும் அரிக்கும். வாசமில்லாத வகையை வயர் நுழையும் இடத்தில் மட்டும் பூசுங்கள். அடியில் உள்ள வடிதுளையை அடைக்காதீர்கள். குழலின் வாய் சற்றே கீழ் நோக்கி இருக்கட்டும். பேட்டரிப் பெட்டிக்குள் மட்டும் பொருத்த வேண்டாம். பாயிண்டில் பொறி பறக்கும், பேட்டரியிலிருந்து வருவது ஹைட்ரஜன். ஃபியூஸ் எங்கே என்று இனி யாரும் கேட்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன்.